ஊரியா, மீனா? இன்றைய குறுக்கெழுத்தின் 8ஆம் கட்டம்

வாவிக்கரையான்
காலைத் தேநீரோடு நாளிதழின் குறுக்கெழுத்தை நிரப்பும் கூட்டம் இங்கே இருப்பது தெரியும். அதனால்தான் கேட்கிறேன். இன்று 8, இடமிருந்து வலம்: ‘கல்லடி வாவியில் நிலாக்காலத்தில் பாடுவது’. இரண்டு கட்டம். மனைவி ‘மீன்’ என்கிறார். மாமனார் ஓட்டு நத்தையைக் குறிக்கும் ‘ஊரி’ என்கிறார். மீ, ன் இரண்டு. ஊ, ரி இரண்டு. வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. விடை நாளைதான் வரும். மாமனாரோ இன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்.

கல்லாறு மருமகன்
மீன். இதற்கு ஓர் இழை தேவையா? மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று பால்குடிப் பிள்ளையும் சொல்லும். ஊரி பாடும் தேன்நாடு என்று எங்கே எழுதியிருக்கிறது?

கல்லடி ரீச்சர்
தம்பி மருமகன், கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். 8ஆம் சொல்லின் இரண்டாவது கட்டத்தின் மூலையில் சிறிதாக 9 என்று அச்சிட்டிருக்கிறது. மேலிருந்து கீழாக இன்னொரு சொல் அங்கே தொடங்குகிறது. ‘மீன்’ என்று போட்டால் அந்தச் சொல்லின் முதல் எழுத்து ‘ன்’ ஆகிவிடும். புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ‘ஸ்பெயின்’ போல இரவல் பெயர்கள் ‘ஸ்’ என்று தொடங்கலாம். ‘ன்’ என்று தொடங்க இரவலுக்கும் ஆளில்லை. 9இன் குறிப்பு ‘பன்னிரண்டு ராசிகளில் இரண்டாவது’, நான்கு கட்டம். ரிஷபம். ஆகவே ஊரி. மாமனாருக்கு ஒரு கரண்டி சோறு கூடப் போடுங்கள்.

வாவிக்கரையான்
மனைவி 9க்கு ‘இடபம்’ என்று எழுதிவைத்திருக்கிறார், ரீச்சர். அதுவும் நான்கு கட்டம்தான்.

கல்லடி ரீச்சர்
அப்படியானால் 8இன் விடை ‘ஊஇ’. அது பாடினால் எனக்கும் ஒரு நாள் கேட்கச் சொல்லுங்கள்.

சம்மாந்துறை நானா
ரீச்சரின் கணக்குச் சரி. ஆனால் நம் பத்திரிகைகளில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. குறிப்பின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘குழம்பியுள்ளது’ என்று போட்டுவிட்டால் எழுத்துகள் எந்த வரிசையிலும் கிடக்கலாம். அப்போது ‘ன்’ முதல் கட்டத்திலும் உட்காரும், ‘ம்’ முதல் கட்டத்திலும் உட்காரும். ‘திரும்பியுள்ளது’ என்றால் பின்னிருந்து முன். இன்றைய 9இல் அப்படி எதுவும் இல்லை, நானும் பார்த்துவிட்டேன். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், புள்ளி எழுத்து விதியை நம்புவதற்கு முன்னர் அடைப்புக்குறியைப் பார்க்க வேண்டும்.

அக்கரைப்பற்றுப் பழைய மாணவன்
‘குழம்பியுள்ளது’ என்பது கட்டம் அமைப்பவரின் சோம்பேறித்தனம், நானா. சொல் கட்டத்தில் பொருந்தவில்லை என்றால் வேறு சொல்லைத் தேட வேண்டியதுதானே? எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுவிட்டுத் தலைவலியை நம்மிடம் தள்ளிவிடுகிறார்கள்.

சம்மாந்துறை நானா
கட்டம் அமைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு 247. ஆங்கிலக்காரனுக்கு ‘ஏ’ என்ற எழுத்து எந்தச் சொல்லிலும் அகப்படும். நமக்கு ‘ளை’ என்ற எழுத்தில் இரண்டு சொற்களைக் குறுக்கே பின்னச் சொன்னால் அன்றைய வேலை முடிந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளில் எல்லாக் கட்டங்களிலும் இரண்டு சொற்கள் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். தமிழில் அதை ஒரு சிறிய சதுரத்துக்குச் செய்து காட்டினாலே நான் கைதட்டுவேன். அதனால் குழம்பியதை மன்னித்துவிடலாம் என்பது என் கட்சி.

உயிரியல் மாஸ்டர்
கட்டத்தைப் பொறுத்தவரை ரீச்சர் வென்றுவிட்டார். குறிப்பைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு. ‘பாடுவது’ ஊரி என்று அச்சிட்டுவிட்டால் நாளை பிள்ளைகள் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். ஊரி என்பது ஓட்டு நத்தை. ஒலி எழுப்பும் உறுப்பு அதற்குக் கிடையாது. மீன்களிலோ பல இனங்கள் ஒலி எழுப்புகின்றன. கத்தாளை தன் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து உறுமும். வலை இழுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கல்லடிப் பாலத்தடியில் கேட்பது இன்ன மீன்தான் என்று யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. ஆகவே 8ஆம் குறிப்பு மீன் என்றாலும் தவறு, ஊரி என்றாலும் தவறு.

ஏடு புரட்டி
மாஸ்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஊரி வானத்திலிருந்து விழுந்த விடை அல்ல. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இரவில் வாவியில் படகோட்டிப் போய் இந்த ஒலியைக் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழும் அதிர்வைப் போல இருந்தது என்று 1859இல் வெளியிட்ட தன் நூலில் எழுதினார். படகின் பலகையில் காதை வைத்தபோது ஒலி வலுத்ததாம். எது பாடுகிறது என்று அவர் கேட்டபோது மீனவர்கள் மீனைக் காட்டவில்லை. ஊரியைக் காட்டினார்கள். அழும் ஊரி என்ற பொருளில் ஒரு பெயரும் சொன்னார்கள். ஆகவே வாவியை அறிந்த பழைய ஆட்களின் விடை ஊரிதான். மீன் பிற்பாடு ஊரின் சின்னத்தில் ஏறிக்கொண்டது.

உயிரியல் மாஸ்டர்
அப்படியானால் குறிப்பை ‘பாடுவது என டெனன்டுக்கு மீனவர் காட்டியது’ என்று எழுதியிருக்க வேண்டும். அப்போது நானும் வாயை மூடிக்கொண்டு நிரப்புவேன். யார் சொன்னார்கள் என்பதைச் சேர்த்தால் குறிப்பு நேர்மையாகிவிடும். இரண்டு சொல் கூடுதலாக அச்சிட மை தீர்ந்துவிடாது.

திருக்கோவில் தங்கச்சி
ஒரு கேள்வி. நான் இதைக் கைபேசியில் தேடிப் பார்த்தேன். மட்டக்களப்பு, வாவி, பாடுவது என்று போட்டால் வருவதெல்லாம் மீன், மீன், மீன். ஊரி ஓரிடத்திலும் வரவில்லை. தேடி நிரப்புகிறவர்கள் எல்லோரும் இன்று சிக்கியிருப்பார்கள் போலிருக்கிறது. தேடுவது முறையா இல்லையா? இங்கே பெரியவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கல்லடி ரீச்சர்
முறையா என்று கேட்டால் பரிசு இல்லாத போட்டியில் முறைகேடு ஏது, மனே? என் வழக்கத்தைச் சொல்கிறேன். குறுக்கே வரும் சொற்களால் பாதி எழுத்துகளாவது விழும்வரை தேடமாட்டேன். ‘ந, ஒன்றுமில்லை, ரு’ என்று கண் முன்னே நின்றால் மூளை சும்மா இருக்காது. அப்படித்தான் நவுரு எனக்குள் நுழைந்தது. குறிப்பு ‘தலைநகர் இல்லாத நாடு’. விடையை எழுதிய பிறகுதான் தேடினேன். பசிபிக்கில் 21 சதுர கிலோமீற்றர். 1968இல் சுதந்திரம். அரச அலுவலகங்கள் யாரென் என்ற மாவட்டத்தில் இருந்தாலும் சட்டப்படி தலைநகர் என்று ஒன்று கிடையாது. பொஸ்பேற்றை வெட்டி விற்று ஒரு காலத்தில் ஆள்வீத வருமானத்தில் பணக்கார நாடுகளோடு சமமாக நின்றது. படிவு தீர்ந்ததும் செல்வமும் கரைந்தது. நம் வாவியின் பரப்புக்குள் பல நவுருவை மிதக்க விடலாம்.

கல்லாறு மருமகன்
குறுக்கெழுத்தில் சின்னப் பெயருள்ள நாடுகள்தான் வல்லரசு. சாட், பெரு, மாலி, டோகோ, ஓமான், நவுரு. சாட் நாட்டின் தலைநகர் இன்ஜமினா என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆப்கானிஸ்தானுக்கு ஏழு கட்டம் வேண்டும் என்பதால் அதைப் பற்றி ஒரு குறிப்பும் நான் கண்டதில்லை. பொது அறிவு வளர்கிறது என்கிறார்கள். வளர்வது இரண்டு எழுத்து, மூன்று எழுத்து அறிவு.

சம்மாந்துறை நானா
மருமகன் இந்த இழையில் முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார். யானையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரி, பிடி என்றால் இரண்டு கட்டம். வேழம், களிறு மூன்று. வாரணம் நான்கு. குஞ்சரம் ஐந்து. எந்த அளவு இடைவெளி விழுந்தாலும் அடைக்க ஒரு யானை தயாராக நிற்கும். பழைய காலத்துப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். நாம் அதைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் படிக்கிறோம்.

பொத்துவில் பயணி
கைபேசியில் விளையாடும் தமிழ்க் குறுக்கெழுத்துச் செயலிகள் பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை. அங்கே எனக்கு வேறு தொல்லை. கங்காருவின் நாடு, ஆறு கட்டம் என்கிறார்கள். நாம் எழுதுவது அவுஸ்திரேலியா, எண்ணினால் ஏழு. அவர்கள் ‘ஆஸ்திரேலியா’ என்று ஆறில் முடித்துவிடுகிறார்கள். நீளத்தின் அலகு நான்கு கட்டம் என்றால் நான் ‘மீற்றர்’ என்று போடுவேன். எண்ணிக்கை பொருந்தும், ஆனால் குறுக்கே ‘ட்’ வேண்டுமென்று இன்னொரு சொல் நிற்கும். யூலை, யப்பான், யேர்மனி என்று எழுதிப் பழகிய கை அங்கே நாள் முழுக்க அடி வாங்குகிறது. இதற்காகவே எனக்கு நம் நாட்டுப் பத்திரிகையின் கட்டம் பிடிக்கும், எத்தனை குழம்பியிருந்தாலும்.

அக்கரைப்பற்றுப் பழைய மாணவன்
குறிப்புகளில் ‘முதல்’, ‘மிகப் பெரிய’, ‘ஒரே’ என்று வந்தால் நான் உடனே நம்பமாட்டேன். சில வாரங்களுக்கு முன் ‘மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல்’ என்று ஒரு குறிப்பு வந்தது, நினைவிருக்கிறதா? விடை ஹெர்மிஸ். நான்கு கட்டம் சரியாகப் பொருந்தியது. ஆனால் ‘முதல்’ என்பது அரை உண்மை. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. வேலை ஆரம்பமானது 1918இல். ஆனால் முடிக்க 1924 ஆகிவிட்டது, நம் பழைய கல்லடிப் பாலம் கட்டிய அதே ஆண்டு. அதற்குள் யப்பான் ‘ஹோஷோ’ என்ற கப்பலை 1922இலேயே முடித்துக் கடலில் இறக்கிவிட்டது. எனவே தொடங்கியதில் முதல் ஒன்று, முடித்ததில் முதல் வேறொன்று.

ஏடு புரட்டி
ஹெர்மிஸ் மூழ்கிய கதைதான் அந்தக் குறிப்பில் வந்திருக்க வேண்டும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. தாக்குதல் வருகிறது என்று அறிந்து துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்த ஹெர்மிஸை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்துக் குண்டு போட்டார்கள். விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் அந்த வேளையில் அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை, எல்லாம் கரையில். 307 பேர் இறந்தார்கள். கூட வந்த ‘வம்பயர்’ என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. அந்தப் பக்கமாக வந்த ‘வீட்டா’ என்ற மருத்துவமனைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை நீரிலிருந்து தூக்கியது. ஹெர்மிஸ் இன்றும் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது; தேர்ந்த சுழியோடிகள் மட்டும் போய்ப் பார்க்கிறார்கள்.

திருக்கோவில் தங்கச்சி
இதெல்லாம் நான்கு கட்டத்துக்குள் இருந்ததா! நான் அன்று ‘ஹெர்மிஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டேன். கிரேக்கத் தூதுத் தெய்வத்தின் பெயர் என்பது மட்டும் தெரியும்.

பொத்துவில் பயணி
ஊரியை விடையாக்கியவர் யார் என்று அறிய ஆவலாக இருக்கிறது. கொழும்பிலிருந்து அமைத்திருந்தால் மீன் என்றுதான் போட்டிருப்பார். நம் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

கல்லடி ரீச்சர்
அல்லது நம் பக்கத்து ஆள் ஒருவரின் பேச்சைக் கேட்டவர். கட்டம் அமைப்பவருக்குச் சொல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முந்திய வாரங்களில் டெய்லி டெலிகிராப் குறுக்கெழுத்தில் யூட்டா, ஒமஹா, மல்பெரி, நெப்டியூன், ஓவர்லோட் என்று அந்தப் படையெடுப்பின் இரகசியச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைகளாக விழுந்தன. புலனாய்வுக்காரர் அமைத்தவரைத் தேடிப் போனார்கள். லெனாட் டோ என்ற பள்ளி அதிபர்! உளவாளி அல்ல என்று விட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து அவருடைய பழைய மாணவர் ஒருவர் வந்து சொன்னார்: கட்டங்களை நிரப்ப அவர் பிள்ளைகளிடமே சொற்கள் கேட்பாராம், பக்கத்து முகாமின் சிப்பாய்கள் பேசியதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்களாம். வகுப்பில் இருந்தவள் என்பதால் நான் இதை முழுதாக நம்புகிறேன். பிள்ளைகள் காதுக்கு எட்டாத இரகசியம் எங்கும் இல்லை.

கல்லாறு மருமகன்
அப்போது நாமே ஒன்று அமைத்தால் என்ன? மட்டக்களப்பு, அம்பாறை மட்டும். நவுருவுக்கும் சாட்டுக்கும் அனுமதி இல்லை. குறுக்கெழுத்து முதன்முதல் வந்தது 1913 டிசம்பர் 21, நியூயோர்க்கில், ஆதர் வின் என்பவர் அமைத்தார் என்று எங்கோ படித்தேன். முகத்துவாரத்து வெளிச்சவீடு கட்டியதும் 1913. இரண்டுக்கும் ஒரே வயது. இதை விடப் பொருத்தம் வேண்டுமா?

அக்கரைப்பற்றுப் பழைய மாணவன்
பொருத்தம் இருக்கட்டும். சொல் கொடுங்கள். நான் தொடங்குகிறேன். ‘1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம்’, ஏழு கட்டம்.

திருக்கோவில் தங்கச்சி
விபுலாநந்தர். வி, பு, லா, ந, ந், த, ர். ‘ன’ போட்டு எழுதுகிறவர்களுக்கும் ஏழுதான், நான்காவது கட்டம் மட்டும் மாறும். என் பங்குக்கு: ‘கல்லோயா ஆற்றின் பழைய பெயர்’, ஆறு கட்டம்.

ஏடு புரட்டி
பட்டிப்பளை. இங்கினியாகலையில் அணை கட்டும் திட்டம் 1949இல் தொடங்கியபோது வந்த பிள்ளைகளுக்குக் கல்லோயா என்றால்தான் தெரியும். நல்ல குறிப்பு, வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது: ‘சூடு மிதிக்கும் களத்தில் நெல்லின் பெயர்’, இரண்டு கட்டம்.

வாவிக்கரையான்
பொலி. மாமனார் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். ‘1978 நவம்பர் 23’ என்று ஒரு குறிப்பும் போடச் சொல்கிறார். சூறாவளி, நான்கு கட்டம்.

கல்லடி ரீச்சர்
சூறாவளி வேண்டாம், புயல் போடுவோம். விபுலாநந்தரின் இரண்டாவது கட்டம் ‘பு’. அங்கிருந்து கீழே பு, ய, ல் இறங்கும். அந்த ‘ல்’ கல்லடியின் இரண்டாவது எழுத்து. இடமிருந்து வலமாக கல்லடி அங்கே குறுக்கே பொருந்தும். குறிப்பு: ‘1924இல் ஒரு பாலமும் 2013இல் பக்கத்தில் இன்னொன்றும்’. மூன்று சொல் பின்னிவிட்டோம், ஒன்றும் குழம்பவில்லை.

பொத்துவில் பயணி
விபுலாநந்தரின் ஆறாவது கட்டம் ‘த’. அங்கிருந்து கீழே தயிர். ‘எருமைப் பாலில் உறைந்து சட்டியில் வருவது’. இதை விட்டுவிட்டு அம்பாறை மாவட்டத்துக்குக் கட்டம் அமைக்க முடியாது.

சம்மாந்துறை நானா
எங்கள் ஊர் எங்கே? சம்மாந்துறை, ஆறு கட்டம்: ச, ம், மா, ந், து, றை. நான்காவது எழுத்து ‘ந்’. விபுலாநந்தரின் ஐந்தாவது எழுத்தும் ‘ந்’. அவரை நான்காம் வரிசைக்கு இறக்கிவிட்டு எங்கள் ஊரை மேலிருந்து கீழாக அவருக்குக் குறுக்கே விடுங்கள். அழகாக வெட்டும்.

கல்லடி ரீச்சர்
வெட்டும், நானா. ஆனால் ‘து’ வுக்குப் பக்கத்திலேயே தயிரின் ‘யி’ வந்து ஒட்டும். கல்லடியின் ‘டி’ யோடு உங்கள் ‘றை’ ஒட்டும். ‘கல்லடிறை’ என்று ஓர் ஊர் இல்லை. சம்மாந்துறை வந்தால் கல்லடியும் தயிரும் வெளியே போக வேண்டும்.

சம்மாந்துறை நானா
கல்லடி போகட்டும்.

கல்லடி ரீச்சர்
நான் எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று மேலே பாருங்கள்.

பொத்துவில் பயணி
தயிர் போகக்கூடாது. ‘ந்’ உள்ள வேறு பெரிய சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், சம்மாந்துறையை அங்கே கொண்டுபோய்க் கட்டிவிடலாம்.

வாவிக்கரையான்
காத்தான்குடியில் ‘ன்’ தான் இருக்கிறது. பழுகாமத்தில் ஒன்றுமில்லை. மாமனார் ‘வந்தாறுமூலை’ என்கிறார். வ, ந், தா, று, மூ, லை. இரண்டாவது கட்டம் ‘ந்’. பல்கலைக்கழகமும் உள்ளே வந்துவிடும்.

சம்மாந்துறை நானா
மாமனாருக்கு இன்னொரு கரண்டி. நான் தாளை எடுத்துவிட்டேன்.